எபிசோட் ஒன்: அல்சூர் நாட்குறிப்பு

பிப்ரவரி 5, 2025, புதன்

கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து தம்பி முகம் கவிழ்த்துப் படுத்திருக்கிறான். சாப்பிடவும் கழிப்பறை செல்லவும் மட்டுமே எழுந்திருக்கலாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திரையைப் பார்க்க முடியாது என்பதால், நான் கணினி ஆட்டம் ஒன்றை விளையாட அவன் காதால் கேட்பதென்று முடிவாயிற்று. எந்த ஆட்டம் வேண்டும் என்று கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் ஒன்' என்றான். 2006 ஜூன் 1 அன்று வெளிவந்த அந்தச் சிறிய இணைப்பைத்தான் எங்கள் வட்டத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டுக் கடந்து போவார்கள். அவன் அதைக் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. கடந்த நவம்பரில், இதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் மூல ஆட்டமான ஹாஃப்-லைஃப் 2-இன் 20-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி இரண்டு எபிசோடுகளையும் அதனுடனேயே இணைத்துவிட்டதால், தனியாகத் தேட வேண்டிய வேலையும் இருக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கண்ணுக்குள் வைத்த குமிழி கரையும்வரை பார்வையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாதாம்.

பிப்ரவரி 8, சனி

அலுவலக நண்பர் ஆரஞ்சும் சப்போட்டாவும் வாங்கிக்கொண்டு தம்பியைப் பார்க்க வந்தார். கோலார் தங்கவயல்காரர், எங்களைப் போலவே 2006-இல் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, விலை பேசி, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி ஆடியவர். நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு எபிசோட் ஒன்னுக்குத் திரும்பியது. சுமார் 20 டாலர் வாங்கிக்கொண்டு நான்கைந்து மணி நேர ஆட்டத்தைக் கொடுத்தார்கள், அதில் புதிய துப்பாக்கி ஒன்றுகூட இல்லை, மூல ஆட்டத்தின் நகரமான சிட்டி 17-ஐயும் அதன் ராட்சதக் கோபுரமான சிட்டாடலையும் மீண்டும் ஒருமுறை சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டார்கள் என்பது அவருடைய பழைய மனக்குறை. பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் அது சற்றும் ஆறவில்லை.

அவர் சொன்ன தகவல்கள் அனைத்தும் சரியானவை. எதிரிகளில்கூட உண்மையில் புதியதென்று சொல்லத்தக்கது, கையெறி குண்டை உருவிக்கொண்டு நம்மை நோக்கி ஓடிவரும் அந்த ஸாம்பியான படைவீரன், ஸாம்பைன் ஒன்றுதான். ஆனால் அவர் இதிலிருந்து எட்டும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 1998-இல் முதல் ஹாஃப்-லைஃப் வந்த பிறகு இரண்டாவதற்கு ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காகவே கதையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வெளியிட வால்வ் திட்டமிட்டது. எபிசோட் ஒன்னுக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'ஆஃப்டர்மாத்'. ஒரு பெரும் அழிவுக்குப் பிந்தைய சில மணி நேரங்களை மட்டுமே அது சொல்ல வந்தது. அந்தச் சில மணி நேரங்களில் புதிய நகரத்தையும் புதிய ஆயுதங்களையும் குவித்திருந்தால், அது சொல்ல வந்ததையே சொல்லியிருக்காது.

தலையணையில் முகம் புதைத்தபடியே தம்பி, "அண்ணா, அவரைக் காபி குடித்துவிட்டுப் போகச் சொல், சண்டை வேண்டாம்" என்றான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சிட்டாடலுக்குள் இருந்த பகுதியை முடித்தோம். பொருட்களை ஈர்த்து எறியும் கிராவிட்டி கன் நீலமாக மாறி, காவலர்களையே தூக்கி எறியும் வலிமையோடு இருக்கும் பகுதி இது. ஆடுகிறவனுக்குக் கொண்டாட்டம், கேட்கிறவனுக்கு வெறும் இரைச்சல். ஆகவே இதை வேகமாகவே கடந்தேன்.

தம்பி காத்திருந்தது அந்த ரயிலுக்காக. ஆட்டம் முழுக்க நமக்குத் துணையாக வரும் அலிக்ஸும் நாமும் அவசரமாக ஏறும் ரயிலின் சரக்கு, கை கால் வெட்டப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட ஸ்டாக்கர்கள் என்பது, அது நகரத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அவர்கள் ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்தவர்கள். ரயில் தடம் புரண்டு, பெட்டகம் திறந்து, ஒரு ஸ்டாக்கர் அவள்மீது விழுந்து அலறும்போது அவள் நடுங்குகிறாள்; அதிலிருந்து மீண்ட பின்னும் அவள் குரல் சில நொடிகளுக்குச் சமநிலைக்கு வரவில்லை. இன்று திரையைப் பார்க்காதவனுக்காக ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால், அலிக்ஸுக்குக் குரல் கொடுத்த மெர்ல் டான்ட்ரிட்ஜ் அந்த மூச்சுத் திணறலை எவ்வளவு நுணுக்கமாக நடித்திருக்கிறார் என்பதை நான் முதல் தடவையாகக் கவனித்தேன். "நிறுத்து, திரும்ப வை" என்று தம்பி சொன்னான். திரும்ப வைத்தேன்.

இதைத் துப்பாக்கி ஆட்டத்தின் இணைப்பு என்று எடை போடுபவர்கள், எத்தனை துப்பாக்கி என்று எண்ணிவிட்டுப் போகிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

'லோ லைஃப்' அத்தியாயம். இதைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த இணைப்பைப் பற்றிய எல்லாச் சர்ச்சைகளும் எனக்கு இந்தச் சுரங்கத்தில்தான் வந்து முடிகின்றன.

தடம் புரண்ட ரயிலிலிருந்து இறங்கி, நகரத்துக்கு அடியில் உள்ள கார் நிறுத்துமிடங்களையும் சுரங்கப் பாதைகளையும் கடக்கிறோம். மின்சாரம் இல்லை. நம்மிடம் டார்ச் இருக்கிறது, ஆனால் சிறிது நேரத்தில் தீர்ந்துபோகும். அதன் மின்கலமும் வேகமாக ஓடுவதற்கான சக்தியும் ஒன்றே என்பதால், ஓடினால் வெளிச்சம் குறையும், வெளிச்சம் வைத்திருந்தால் ஓட முடியாது. அலிக்ஸிடம் துப்பாக்கி இருக்கிறது, ஆனால் இருளில் அவளுக்கு எதுவும் தெரியாது. நாம் எதன்மேல் ஒளியைப் பாய்ச்சுகிறோமோ அதை மட்டுமே அவள் சுடுவாள். ஆகவே ஒரு ஸாம்பி இடப்புறத்திலிருந்து வரும்போது, சுடும் பழக்கத்தில் வளர்ந்த நம் கை, சுடுவதற்குப் பதிலாக அதன் முகத்தில் விளக்கைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அவள் இரண்டு, மூன்று, நான்கு முறை சுடுவாள். அது விழும். அதற்குள் வலப்புறத்தில் உறுமல் கேட்கும்; விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே அப்போது முழு ஆட்டமாகிவிடுகிறது.

சித்தப்பா மகனுக்கு இந்தப் பகுதி பிடிக்கவே பிடிக்காது. அவன் மத்திகெரேயில் இருக்கிறான், இன்று மாலை தொலைபேசியில் பேசினான். டார்ச் தீர்ந்து தீர்ந்து ஏற்றிக்கொள்ளக் காத்திருப்பது சலிப்பு என்பதும், துணைக்கு வருபவள் எல்லாவற்றையும் சுட்டுவிட்டால் ஆடுகிறவனுக்கு என்ன வேலை என்பதும் அவன் வாதம். டார்ச்சைப் பற்றிய குறையில் நியாயம் உண்டு; எபிசோட் டூவில் வால்வே டார்ச்சுக்குத் தனி மின்கலம் கொடுத்துவிட்டது. இரண்டாவது வாதத்தை மட்டும் நான் முழுமையாக மறுக்கிறேன். அதற்கு முன்பு வந்த எத்தனையோ துப்பாக்கி ஆட்டங்களில் துணைக்கு வருபவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், அல்லது நாம் காப்பாற்றவில்லை என்றால் செத்து, ஆட்டத்தையே முடித்துவிடுவார்கள். இங்கேதான் ஒருத்தி, நமக்கு இல்லாத ஒன்றைத் தான் கொண்டுவந்து, தனக்கு இல்லாத ஒன்றை நம்மிடம் எதிர்பார்க்கிறாள். அதை அமைப்பதற்கு ஒரு பெரிய ஆட்டம் தேவைப்படவில்லை, இருண்ட ஒரு கார் நிறுத்துமிடம் போதுமானதாக இருந்தது. எறும்புச்சிங்கங்கள் என்ற ராட்சதப் பூச்சிகள் வெளிவரும் பொந்துகளைப் பழைய கார்களைத் தள்ளி அடைக்கும் புதிர்கூட அந்த இடத்தில் கிடப்பவற்றைக் கொண்டே செய்யப்பட்டது.

ஸாம்பைன் கையெறி குண்டை உருவும் ஒலி கேட்டதும், நான் அது எங்கே என்று தேடுவதற்குள், "பின்னால், இடது பக்கம்" என்றான் தம்பி. ஹெட்ஃபோனைக் கழற்றி அவனுக்கே கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியில் ஆடத் தொடங்கினேன். திரும்பி, கிராவிட்டி கன்னால் குண்டை அதன் கையிலிருந்தே பிடுங்கி எறிந்தேன். அவன் திசை சொல்ல, நான் விளக்குப் பிடிக்க, அலிக்ஸ் சுட, அந்தக் கார் நிறுத்துமிடத்தை இவ்வளவு நன்றாக நான் ஒருபோதும் கடந்ததில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கண் அழுத்தம் கூடியிருக்கிறது, சொட்டு மருந்தை மாற்றியிருக்கிறார்கள், ஆட்டம் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

எதிர்வீட்டுப் பெண் கல்லூரி முடிந்து வந்து அம்மாவிடம் ரசப்பொடி வாங்கிக்கொண்டு போகும்போது, அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். இவள் இந்தக் கதைக்குள் நுழைந்ததே 2020-இல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' வழியாக, ஆகவே எங்களுக்குத் துணையாகத் தெரிபவள், இவளுக்கு நாயகி. எபிசோட் ஒன்னில் அலிக்ஸ் ஓயாமல், நாம் ஆடும் பாத்திரமான கார்டனைப் பாராட்டுகிறாள், அவன் வாயே திறப்பதில்லை, இப்படி ஒருத்தி புகழ்ந்துகொண்டே நடக்க ஒருத்தன் ஊமையாக நடப்பதை எப்படி அண்ணா நட்பு என்று சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

இதுவரை கேட்ட குறைகளிலேயே இதுதான் எனக்கு வலித்தது, ஏனென்றால் இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அந்தப் பாராட்டுகள் ஆட்டக்காரனை மகிழ்விக்க எழுதப்பட்டவை என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் சுரங்கத்துக்குள் பாராட்டு குறைந்து, எச்சரிக்கையும் பயமும் விளையாட்டுப் பேச்சும் கூடுவதை அவளுக்கு எடுத்துக் காட்டினேன். இருட்டில் ஸாம்பியைப் போல உறுமி நம்மை ஏமாற்றிவிட்டு அலிக்ஸ் சிரிக்கும் இடத்தில் எதிர்வீட்டுப் பெண்ணும் சிரித்தாள். "இது ஒன்று சரி" என்றாள். அதற்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

விக்டர் அன்டோனோவ் காலமானார் என்ற செய்தி வந்தது. வயது 52. ஹாஃப்-லைஃப் 2-இன் கலை இயக்குநர். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் பிறந்தவர். அந்த ஊரின் பழைய கட்டடங்களும் சாம்பல் வானமும் சிட்டி 17-இல் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே அந்நியமாகச் செருகிய இரும்புத் தகடுபோல சிட்டாடல் நிற்கிறது. அதே நகரத்தை மீண்டும் காட்டினார்கள் என்று குறைபடுகிறவர்களுக்கு இதையே சொல்ல விரும்புகிறேன்: எபிசோட் ஒன்னில் அந்த நகரம் அதே நகரம் அல்ல. கட்டடங்கள் சரிந்திருக்கின்றன, மருத்துவமனையின் கூரை திறந்து கிடக்கிறது, தலைக்கு மேலே சிட்டாடல் எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு நகரத்தை நேசிக்க வைத்த பிறகுதான் அதை இடிக்க முடியும், நேசிக்க வைத்தவர் அவர்.

தம்பியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மாலைவரை தயங்கினேன். சொன்னதும், மருத்துவமனை வரும் இடத்தை மெதுவாக நடந்து விவரிக்கச் சொன்னான். சுடாமல் நடந்தேன். உடைந்த ஓடு, சாய்ந்த கட்டில், சுவரில் உரிந்த பச்சை வண்ணம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

'எக்ஸிட் 17'. பொதுமக்களைச் சிறு கூட்டங்களாக ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்வதும், திரும்பி வந்து அடுத்த கூட்டத்தை அழைத்துச் செல்வதும். இது நீட்டி முழக்கப்பட்டது என்பதில் தம்பி, நண்பர், சித்தப்பா மகன் மூவருக்கும் ஒரே கருத்து, எனக்கும் அதுவே. இவ்வளவு சிக்கனமான ஆட்டம் கடைசியில் ஏன் இங்கே நேரத்தை இறைக்கிறது என்று புரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். எபிசோட் ஒன் குறையாகத் தெரிவதற்கு எபிசோட் ஒன் காரணமே அல்ல என்பது அத்தானின் கருத்து, அதைக் கேட்டபோது நான் பல ஆண்டுகளாகத் தேடிய வாக்கியம் கிடைத்ததுபோல் இருந்தது. 2007 அக்டோபரில் எபிசோட் டூ வந்தது. மூன்றாவது வரவே இல்லை. 2017 ஆகஸ்டில், கதாசிரியர் மார்க் லெய்ட்லா பெயர்களை மாற்றி அதன் கதைச் சுருக்கத்தை வெளியிட்டார், அவ்வளவுதான். சென்ற ஆண்டு வால்வ் வெளியிட்ட ஆவணப்படத்தில் பனித் துப்பாக்கி ஒன்றின் முன்மாதிரியைக் காட்டினார்கள். கதையை முடிப்பது மட்டுமே ஒரு புதிய ஆட்டத்துக்குப் போதுமான காரணமாகத் தோன்றவில்லை என்ற பொருளில் வால்வை நிறுவியவர்களில் ஒருவரான கேப் நியூவெல் பேசினார். தொடர்ச்சி வந்திருந்தால், இந்த ஐந்து மணி நேரத்தை ஒரு முதல் அத்தியாயமாக எல்லோரும் அன்போடு நினைவுகூர்ந்திருப்பார்கள், வராததால்தான் ஒவ்வொருவரும் இதன் நிமிடங்களை எண்ணுகிறார்கள் என்றார் அத்தான்.

கிளம்பும்போது, "நம் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991-இலிருந்து 18 வருஷம் மூடியே இருந்தது, 2009-இல் திறக்கவில்லையா? இதுவும் வரும் மாப்பிள்ளை" என்று தம்பியின் தோளைத் தட்டினார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு மூன்றாவது வர வேண்டும் என்ற ஆசையே இல்லை என்று அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னான். ரயில் கிளம்புகிறது, சிட்டாடல் வெடிக்கிறது, அலை வந்து மோதுகிறது, அத்தோடு இருக்கட்டும் என்றான்.

எனக்கு அந்த மனம் இல்லை. எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறதாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சுரங்கத்தின் கடைசியில் வரும் லிஃப்டை மறுபடி ஆடச் சொன்னான். பொத்தானை அழுத்திய பிறகு லிஃப்ட் வரச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை நான்கு பக்கத்து இருளிலிருந்தும் ஸாம்பிகள் வந்துகொண்டே இருக்கும். தரையில் கிடக்கும் தீப்பந்தங்களை எடுத்து அவற்றின்மேல் எறிந்து எரிய விட்டால், அந்த நெருப்பின் வெளிச்சத்திலேயே அலிக்ஸ் குறி பார்ப்பாள். இந்த அறையை நியாயமற்றது என்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு முறை செத்தேன். மூன்றாவது முறை, கயிறு அசையும் உலோக ஒலி எனக்கு முன்பே அவனுக்குக் கேட்டுவிட்டது. "வருகிறது, இன்னும் கொஞ்சம் நில்" என்றான்.

நாளெல்லாம் எரிச்சலாக இருந்தவன் அதன் பிறகு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

2007-இல் ஆரஞ்ச் பாக்ஸ் என்ற தொகுப்பு வந்தபோது இந்த ஆட்டத்துக்கு ஒரு சவாலைச் சேர்த்தார்கள்: முழு எபிசோடையும் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் சுட்டு முடிக்க வேண்டும். கடப்பாரை, கையெறி குண்டு, ராக்கெட், கிராவிட்டி கன் எல்லாம் பயன்படுத்தலாம். அந்த ஒரு தோட்டா ஒரு பூட்டை உடைக்க. கிட்டத்தட்டத் துப்பாக்கியே சுடாமல் முடிக்கக்கூடிய துப்பாக்கி ஆட்டம் என்பதால், நேரம் குறைவு என்று இதை ஒதுக்குபவர்கள் இந்தச் சவாலோடு ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்று தம்பி விரும்புகிறான். நண்பருக்கும் இன்று இதையே எழுதி அனுப்பினேன்.

முதலிலிருந்து தொடங்கிச் சிட்டாடலைத் தாண்டிவிட்டோம், இன்னும் ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. நாளை காலை ஒன்பது மணிக்குப் பரிசோதனை இருப்பதால், கார் நிறுத்துமிடத்தின் வாசலில் சேமித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.