கண்ணாடி போட்டாலும் கழற்றினாலும் உறுத்தாத 3டி வீடியோ

சிவப்பு-சயான் (நீலப்பச்சை) கண்ணாடிக்கான 3டி வீடியோ தலைவலி தருவதற்குப் பெரும்பாலும் காரணம், ஆழத்தை அளவுக்கு மீறி ஏற்றுவதுதான். இடக்கண் படமும் வலக்கண் படமும் பக்கவாட்டில் விலகும் அளவைக் குறைத்தால் கண்ணாடி போட்டவருக்குக் கண் வலிக்காது, போடாதவருக்கும் ஓரங்களில் லேசாக நிறம் கசிந்த சாதாரண வீடியோவாகத் தெரியும். 1920 பிக்சல் அகலப் படத்தில் முகத்தில் விலகல் 0, பின்சுவரில் 10 பிக்சல். இது போதும், ஆழம் நன்றாகவே தெரியும்.

கேமராக்களை 65 மி.மீ. இடைவெளியில், உள்பக்கம் திருப்பாமல் இணையாக வையுங்கள். திருப்பினால் மூலைகளில் ஒரு படம் மேலும் மற்றது கீழுமாக விலகும். லென்ஸின் கிடைமட்டக் கோணம் 55 பாகை, ஆள் 4 மீட்டரில், சுவர் 6 மீட்டரில் என்றால் முகத்தில் 30 பிக்சலும் சுவரில் 20 பிக்சலும் விலகல் இருக்கும். இடப்படத்தின் இடது ஓரத்தில் 30 பிக்சல், வலப்படத்தின் வலது ஓரத்தில் 30 பிக்சல் வெட்டுங்கள். முகம் திரையிலேயே உட்கார்ந்துவிடும், சுவர் 10 பிக்சல் பின்னே போகும். ஓரத்தை மாற்றி வெட்டினால் முகத்தின் விலகல் 60 ஆகிவிடும்.

ஆள் 2 மீட்டரிலும் சுவர் 4 மீட்டரிலும் இருந்தால், முகத்தை 0 ஆக்கிய பிறகும் சுவரின் விலகல் 30 பிக்சல். அதை 10க்கு இறக்க, கேமரா இடைவெளி 22 மி.மீ. ஆக வேண்டும். கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவ்வளவு நெருக்க முடியாது. பின்னால் தள்ளி நின்று எடுப்பதே எளிது. ஜூம் செய்யாதீர்கள், விலகலும் கூடவே பெருகும்.

மேல்-கீழ் விலகலை ஒரு பிக்சல்கூட விடாமல் சரிசெய்யுங்கள். ஒரு கண் மேலேயும் மற்றது கீழேயும் பார்க்க நம் கண்களுக்குப் பழக்கமில்லை. கைதட்டி, அந்தச் சத்தத்தை வைத்து இரு வீடியோவையும் ஒத்துவைத்தாலும் அரை ஃப்ரேம் வரை பிசகு மிஞ்சும்; வீசும் கை தவறான ஆழத்தில் மிதக்கும். நொடிக்கு 30க்குப் பதில் 60 ஃப்ரேமில் எடுத்தால் அந்தப் பிசகு பாதியாகும்.

சிவப்புப் புடவை ஒரு கண்ணுக்குப் பளிச்சென்றும் மறு கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரிந்து மினுமினுக்கும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச வீடியோ மென்பொருளின் ஸ்டீரியோ3டி (stereo3d) ஃபில்டரில் முழு வண்ணத்தை விட்டு, நிறங்களைக் கலந்து சமன்செய்யும் டுபுவா (Dubois) முறையைத் தேர்ந்தெடுங்கள், மினுமினுப்பு வெகுவாகக் குறையும்.

மூலக் கோப்பை இரு படமும் பக்கம் பக்கமாக இருக்கும்படியே சேமியுங்கள். 4:2:0 சுருக்கம் நிறத் தகவலைக் குறைப்பதால், அனாகிளிஃப் படத்தில் (இரு படத்தையும் சிவப்பு-சயானாக ஒன்றாய்க் கலந்த படம்) ஒரு கண்ணின் படம் மறு கண்ணில் பேயுருவாய்க் கசியும். முடிந்தால் நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 வடிவில் சேமியுங்கள்.

10 மீட்டர் அகலத் திரையில் 10 பிக்சல் என்பது 52 மி.மீ. இரு கண்களின் இடைவெளியான சுமார் 65 மி.மீ.ஐத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டிவரும். டிவியில் சுகமாக இருக்கும் 30 பிக்சல் அங்கே 156 மி.மீ.