ஜோகன்னஸ்பர்க்: சட்டம் மாறிய நகரத்தில் நான்கு நாள்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகியும், விமான நிலையத்திலிருந்து பிராம்ஃபொன்டைன் விடுதிக்கு வர என்னிடம் 750 ரேண்ட் வாங்கிய கார் ஓட்டுநர் மீதான கோபம் அடங்கவில்லை. ஒரு ரேண்டுக்கு ஏறக்குறைய 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,750 ரூபாய்! அதே தூரத்துக்குப் பாதிப் பணம்கூடக் கொடுக்கவில்லை என்று விடுதியில் மற்றவர்கள் சொன்னபோது வயிறு எரிந்தது. அதன்பின் உள்ளூர் மக்கள் ஏறும் வண்டியைத் தவிர வேறெதிலும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த மக்களுக்கு ‘டாக்சி’ என்றால் பதினைந்து பதினாறு பேரை அடைத்துக்கொண்டு ஓடும் வேன். சாலையோரம் நின்று சுட்டுவிரலை மேலே நீட்டினால் நகர மையத்துக்குப் போக வேண்டும் என்று பொருள். ஏறியதும் எல்லோருக்கும் சேர்த்து ‘சனிபோனானி’ என்று வணக்கம் சொல்கிறார்கள். கட்டணம் பின்வரிசையிலிருந்து கைமாறி முன்னே போகிறது. ஓட்டுநருக்கு அருகில் இருப்பவர்தான் எண்ணிச் சில்லறை திருப்பித் தர வேண்டும் என்பதால், புதிதாகப் போகிறவர்கள் அந்த இருக்கையைத் தவிர்ப்பது நல்லது.

நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கிக் குடியமர்த்திய சொவெட்டோவில் ஒரு நாள் தங்கினேன். நெல்சன் மண்டேலா, டெஸ்மண்ட் டூட்டு என்று அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற இருவர் வாழ்ந்த விலகாசி தெருவில் இப்போது உணவகங்கள் வரிசையாக நிற்கின்றன. விலை என் கைக்கு எட்டவில்லை. வெள்ளை ஆட்சியாளர்களின் ஆப்பிரிகான்ஸ் மொழியைப் பயிற்றுமொழியாகத் திணித்ததை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று ஊர்வலம் போன மாணவர்கள் சுடப்பட்டதை நினைவுகூரும் ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடத்தில் நெடுநேரம் நின்றிருந்தேன். மதிய உணவுக்கு ஒரு சிறு கடையில் ‘கோட்டா’ கிடைத்தது. கால் பங்கு ரொட்டியைக் குடைந்து, அதற்குள் உருளைக்கிழங்கு வறுவலும் பாலாடைக்கட்டியும் திணித்து, மேலே மாங்காய் ஊறுகாயை அள்ளி வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஊறுகாயை ‘அச்சார்’ என்றே சொல்கிறார்கள். இந்தியர்களின் சமையலறையிலிருந்து போய், கறுப்பின மக்களின் அன்றாட உணவாகிவிட்ட பண்டம் அது. பயணம் முழுவதிலும் இதைவிடச் சுவையான, இதைவிட மலிவான உணவு எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் பாரக்வனாத் மருத்துவமனை எதிரே உள்ள நிலையத்தில் டாக்சி ஏறினேன். உடைந்த இருக்கையின் கம்பி தொடையில் குத்திக்கொண்டே வந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா, வடக்கே செல்வந்தர்கள் வாழும் சாண்ட்டன் பகுதியில் வீட்டு வேலை செய்கிறவர். “நாலரைக்கே கிளம்பிவிடுவேன், இரண்டு டாக்சி மாற வேண்டும், சம்பளத்தில் கால்வாசி இதற்கே சரியாகிவிடுகிறது” என்றார். யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை நிறத்தை வைத்துத் தீர்மானித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் உழைப்பவர்களை நகரத்திலிருந்து விலக்கிக் குடியமர்த்திய அந்தத் தூரத்துக்கு, அதை வகுக்காத இந்த அம்மா இன்றும் தினமும் கட்டணம் செலுத்துகிறார். நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பின் அரசு கட்டிக்கொடுத்த லட்சக்கணக்கான இலவச வீடுகளில் பலவும், நிலம் மலிவாகக் கிடைத்தது என்பதால், நகர விளிம்பிலேயே அமைந்தன. இதை நான் பெரிய தவறாகவே பார்க்கிறேன். 2024 தேர்தலில் ஆளும் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் 400 இடங்களில் 159 மட்டுமே பெற்று, முப்பது ஆண்டுகளில் முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்து கூட்டணி தேடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்றே கான்ஸ்டிடியூஷன் ஹில் சென்றேன். நகரத்தில் நடமாடக் கறுப்பினத்தவர் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டு இல்லாத குற்றத்துக்காகக் கறுப்பின மக்களை அடைத்து வைத்த ‘நம்பர் ஃபோர்’ சிறை இருந்த வளாகத்தில்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் 2004இல் திறக்கப்பட்டது. 1908இல் காந்தியும் இங்கே கைதியாக இருந்திருக்கிறார். இடிக்கப்பட்ட விசாரணைக் கைதிகள் கட்டடத்தின் செங்கற்களையே எடுத்து வழக்கு மன்றத்தின் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். கையால் தடவிப் பார்த்தேன், விளிம்புகள் மழுங்கியிருந்தன. பெரிய மரக்கதவில் உரிமைகள் சாசனத்தின் 27 உரிமைகளையும் செதுக்கியிருக்கிறார்கள். அரசியலமைப்பின் 6ஆவது பிரிவு, போற்றி வளர்க்க வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1860இல் மதராசிலிருந்து டர்பனுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் மொழிக்கு, அவர்களை அந்நியர் என்று ஒதுக்கிய அதே நாட்டின் தலையாய சட்டத்தில் இன்று இடம் இருக்கிறது என்பதை எண்ணி உண்மையிலேயே நெகிழ்ந்து போனேன்.

இந்த நீதிமன்றம் 1995இல் மரண தண்டனையை ஒழித்தது. 2000இல், குடிசையும் இழந்து நின்ற ஐரீன் க்ரூட்பூம் தொடுத்த வழக்கில், வீட்டு வசதிக்கான உரிமையை அரசு மதித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த வழக்கை வென்றவர், 2008இல் சொந்த வீடு இல்லாமலே இறந்தார்.

நீதிமன்றத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. சிறையைச் சுற்றிப் பார்க்கத்தான் சீட்டு வாங்க வேண்டும். நீதிபதிகளின் இருக்கைகளுக்குப் பின்னால், அவர்கள் தலைக்கு மேலே, நீண்ட குறுகிய கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கிறது. வெளியே அது தரைமட்டத்தில் இருப்பதால், நடந்து செல்பவர்களின் பாதங்கள் மட்டுமே உள்ளே தெரிகின்றன. நான் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த அரை மணி நேரத்தில் பளபளக்கும் தோல் காலணிகளும், குதிகால் தேய்ந்த செருப்புகளும், பள்ளிப் பிள்ளைகளின் கறுப்புக் காலணிகளும் அந்தச் சன்னலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.