சுவரைத் தடவி நடப்பதாகச் சொன்னார்

அன்று நான் சொன்ன பதில் தவறு என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. கல்லீரல் மருத்துவரும் அது சரியான பதில்தான் என்றார். இருந்தும், உணவியல் ஆலோசகராக நான் கழித்த எத்தனையோ நாள்களில் அந்த ஐந்து நிமிடம் மட்டும் மனத்தில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கிறது.

கல்லீரல் தழும்பேறி நலியும் சிரோசிஸ் நோய் முற்றி, வயிற்றில் கோத்த நீரை இருமுறை எடுத்த பிறகு வீடு திரும்பவிருந்த பெரியவர் அவர். உப்பைக் குறைக்க வேண்டும், புரதத்தைக் குறைக்கக் கூடாது, இரவில் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்து நான் எழுந்தபோது, அவருடைய மகள் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினார். அதிக அளவு வைட்டமின் ஏ கொண்ட மாத்திரைகள். "கண்ணுக்கு நல்லதுன்னு வாங்கினேன் மேடம், அப்பாவுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். மகள் முடிக்கும் முன்பே பெரியவர், "பொழுது சாஞ்சா சுவரைத் தடவித்தாம்மா நடக்கிறேன்" என்றார்.

நான் புட்டியின் மேலிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். "இது வேண்டாம் ஐயா. இந்த நிலையில் வைட்டமின் ஏ அதிகமானால் கல்லீரலுக்கே கெடுதல்" என்று சொல்லிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் தலையசைத்தார். மகளின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பெரியவர் சொன்னது கேள்வியாக இல்லாததால் அதற்குப் பதில் தேவை என்றே எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்த நிலையில் அவர் மீண்டும் வந்தார்.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உடலிலுள்ள வைட்டமின் ஏயின் பெரும்பகுதி கல்லீரலில்தான் சேமிக்கப்படுகிறது. அதை அங்கிருந்து இரத்தத்தில் சுமந்து செல்லும் புரதத்தையும் கல்லீரலே உருவாக்குகிறது. கல்லீரல் நலிந்தால் அந்தப் புரதம் குறையும். அதனால் இரத்தப் பரிசோதனையில் ரெட்டினால், அதாவது இரத்தத்தில் ஓடும் வைட்டமின் ஏயின் அளவும் குறைவாகவே தெரியும். கிடங்கு உண்மையிலேயே காலியாகிவிட்டதா, சரக்கு இருந்தும் வண்டி இல்லாமல் நிற்கிறதா என்பதை அந்த ஒரு எண் காட்டாது. கிடங்கில் சரக்கு இருக்கும்போது மாத்திரையை மேலும் மேலும் கொடுத்தால், அது ஏற்கெனவே தழும்பேறிய கல்லீரலை இன்னும் கெடுக்கும். ஆகவே, அளவு பாராமல் கடையில் வாங்கிய புட்டியை மறுத்ததில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

என்னை உறுத்துவது வேறு. முதல் நாள் அவரைப் பார்த்தபோது, "எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியவில்லை" என்று அவர் கூறியதை என் கையாலேயே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். உப்பைக் குறைத்ததால் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணி, எலுமிச்சை பிழிந்துகொள்ளும்படி பக்கத்திலேயே குறித்தும் வைத்திருக்கிறேன். நீர் இறங்க அவர் எடுத்துக்கொண்ட மாத்திரைகள் சிறுநீரோடு துத்தநாகத்தையும் கூடுதலாக வெளியேற்றக்கூடியவை. துத்தநாகம் குறைந்தால் நாக்கில் சுவை மங்கும். வைட்டமின் ஏயைச் சுமக்கும் புரதம் உருவாகவும், கண்ணுக்குள் அந்த வைட்டமின் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கான வடிவத்துக்கு மாறவும் துத்தநாகம் வேண்டும் என்பதால், அது குறையும்போது மாலைக்கண்ணும் வரலாம். இவை எதுவும் எனக்குப் புதிய செய்திகள் அல்ல. பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு நானே பாடமாக எடுப்பவை. ஒரே மனிதர் ருசி தெரியவில்லை என்றும் இருட்டில் கண் தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். முதலாவதைச் சமையல் குறையாகவும் இரண்டாவதை வயதின் குறையாகவும் நான் பிரித்து வைத்துவிட்டேன்.

பரிசோதனையில் துத்தநாகம், ரெட்டினால் இரண்டுமே குறைவாக இருந்தன. அதையும் முழுச் சான்றாகக் கொள்ள முடியவில்லை, ஏனெனில் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள துத்தநாகத்தின் பெரும்பகுதி, கல்லீரல் உருவாக்கும் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியே இருப்பது. அவருக்கு அல்புமினே குறைவு. மருத்துவர் முதலில் துத்தநாகம் கொடுத்தார். சில வாரம் பொறுத்து, வைட்டமின் ஏயைச் சிறிய அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், கண்காணிப்போடு சேர்த்தார். இடையில், நலிந்த கல்லீரலால் அகற்ற முடியாமல் மூளையை மந்தமாக்கும் அம்மோனியாவைக் குறைக்க, மலமிளக்கி மருந்தின் அளவும் கூட்டப்பட்டது. அடுத்த முறை வந்தபோது இருட்டில் நடப்பது பரவாயில்லை என்றார். துத்தநாகத்தால் தேறினாரா, வைட்டமினால் தேறினாரா, அம்மோனியா குறைந்து மூளை தெளிந்ததாலா என்று எங்களில் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தக் குழப்பம் சில நாள்களில் எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. அவர் விழுந்ததற்குக் கண்தான் காரணம் என்று யார் உறுதியாகச் சொல்ல முடியும்? தசை கரைந்து தொடை மெலிந்திருந்தது, சோடியம் குறைந்திருந்தது, மனத்தெளிவிலும் சிறு தடுமாற்றம் இருந்திருக்கலாம். அன்றே துத்தநாகத்தைத் தொடங்கியிருந்தாலும் பன்னிரண்டு நாளில் கண் தெளிந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறேன். இரவில் விளக்கை எரியவிடுங்கள் என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் தேவைப்பட்டிருக்காது.

இப்போது கல்லீரல் நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் இருட்டில் நடப்பதைப் பற்றிக் கேட்கிறேன். அநேகமாக எல்லோரும் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றே சொல்கிறார்கள். நானும் அதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். அந்தப் பெரியவரை நான் அப்படிக் கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. அவர் கேளாமலே சொன்னார்.