"சின்னதா இருந்தா"

அன்று தம்பியிடம் நான் சரியாக என்ன சொன்னேன்? இதைத்தான் இரண்டு வருடமாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன்.

சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை, நல்ல மழை. "அண்ணே, எம்பிபி கற்பனைப் பகுதிய ஏத்துக்கவே மாட்டேங்குது" என்றான். ஏற்காதுதான். கற்பனைப் பகுதி என்றால் பொருள் ஒளியை உறிஞ்சுகிற அளவு, அதாவது இழப்பு. எம்பிபியோ, ஓர் அமைப்புக்குள் ஒளி நிலைக்கும் கோலங்களை, அதாவது மோடுகளை, கண்டுபிடிக்க, ஒளியை உறிஞ்சாத பொருளுக்கு என்றே எழுதிய நிரல். சமன்பாட்டின் அணி ஹெர்மிஷியனாக, அதாவது விடை மெய்யெண்ணாகவே வரும் வகையாக, இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதிர்வெண்ணை மெய்யெண்ணாகத் தருகிறது. "இழப்ப விட்டுட்டு மோட கண்டுபிடி. புலம் சிலிக்கனுக்குள்ள எத்தன பங்கு இருக்குன்னு பார்த்து, அப்புறமா இழப்ப சேத்துக்க" என்றேன். முதல்நிலை பெர்டர்பேஷன், அதாவது சின்ன மாற்றத்தைப் பிறகு திருத்தமாகச் சேர்க்கும் வழி, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

அந்த இழப்பு "சின்னதா இருந்தா" என்று சேர்த்துச் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. அவன் இல்லை என்கிறான்.

633 நானோமீட்டர் சிவப்பில் சிலிக்கனின் ஒளிவிலகல் எண் 3.88 அளவில், கற்பனைப் பகுதி 0.02கூட இல்லை. அங்கே என் வழி தாராளமாகச் செல்லும். அவன் வேலை செய்தது 400 நானோமீட்டரில். அங்கே 0.1 மைக்ரான் போவதற்குள் பாதிக்கு மேல் ஒளி காலி. பிறகு மீப்பில், அதாவது ஒளி நேரத்தோடு நகர்வதை உறிஞ்சலோடு கணக்கிடும் நிரலில், ஒளித் துடிப்பு விட்டுப் பார்த்தபோது, அவன் பட்டியல் போட்டிருந்த கூர்மையான உச்சிகள் எல்லாம் ஒரே மேடாகக் கிடந்தன. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே போயிற்று.

முதுகலை மாணவன், அவனே பார்த்திருக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் "என்ன அலைநீளம்?" என்று நான் கேட்டிருந்தால் போதும். ஒளி தேய்வது காலத்திலா தூரத்திலா, சிக்கலெண் ஆக வேண்டியது அதிர்வெண்ணா அலையெண்ணா என்பதையும் கேட்கவில்லை. இழப்பு பெரிதானால் இரண்டும் ஒரே படத்தைத் தராது. மழை விட்டதும் ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டும் என்ற அவசரம் என்று சொல்லிக்கொள்கிறேன். தோட்டத்துப் பையன் கேட்டதும் டக்கென்று பதில் சொல்லும் அண்ணனாக இருக்க ஆசைப்பட்டேன் என்பதும் பொய்யில்லை.

அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், எடை போட்ட பிறகு தண்ணீரைக் கழித்துத்தான் கணக்கு எழுதுவார்கள். மழை விழுந்த பாலென்றால் கழிக்கிற பேச்சே கிடையாது, கொட்டிவிட வேண்டியதுதான். இது தெரிந்து வளர்ந்தவன் நான்.

இருந்தாலும் அந்தப் பதில் தப்பு என்று எழுத இன்னும் கை வரவில்லை. போன வாரம்கூட வேறொருவருக்கு அதையே சொன்னேன். அலைநீளம் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.