கால்வேயில் வந்தே மீனாக்ஷி

மார்கழி பிறந்த வாரத்தில் வீட்டு ஏஜென்சியிலிருந்து ஈமெயில் வந்தது. என் அறையிலிருந்து சாயங்காலம் வயலின் சத்தம் வருவதாகப் பக்கத்துக் குடித்தனக்காரர் புகார் சொல்லியிருக்கிறாராம். ஒப்பந்தப்படி இனிமேல் வீட்டில் வாத்தியம் வாசிக்கக் கூடாதாம். அன்று இரவு பதினொன்றரை மணிக்கு அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். எதுவும் பேசாமல் போனை வாசல் பக்கம் நீட்டினாள். மன்னார்குடியில் அப்போது விடிகாலை ஐந்து. பஜனை கோஷ்டி எங்கள் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜால்ரா, ஆர்மோனியம், முன்வரிசையில் எப்போதும் சுருதி விலகும் அந்தப் பெரியவர் குரல். அங்கே ஒரு தெருவே விடியுமுன் பாடிக்கொண்டு போகிறது. இங்கே ஆறு மணிக்கு ஒரு வர்ணம் வாசிக்க வழியில்லை. அழுகை வந்துவிட்டது.

கால்வே, அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பும் மழை முதலில் இறங்குவது இந்தப் பக்கம்தான். டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஆஸ்பத்திரி வேலை, மழை, அறை, மறுபடி வேலை என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு வயலின் ஒன்றுதான் துணையாக இருந்தது. அதையும் மூடி வைக்கச் சொன்னால்?

மறுநாள் டீ இடைவேளையில் இதைச் சொன்னேன். எங்கள் வார்டு போர்ட்டர் கிளேர் மாவட்டத்துக்காரர். அந்த மாவட்டத்தில் கான்சர்ட்டினா என்கிற சின்னக் கைத்துருத்தி வாத்தியம் வாசிப்பவர்கள் அதிகம், அவரும் வாசிப்பார். “செவ்வாய்க்கிழமை ராத்திரி பெட்டியை எடுத்துக்கொண்டு பப்புக்கு வா, அங்கே யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்” என்றார்.

அம்மா பதறிப்போனாள். “வயலினைத் தூக்கிக்கிட்டு சாராயக் கடைக்கா போற?” டாஸ்மாக்கை மனதில் வைத்துக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இங்கே பப்பில் டீ கேட்டால் கெண்டியோடு கொண்டுவந்து வைக்கிறார்கள், பால் தனிக் கிண்ணத்தில். தாத்தா, பாட்டி எல்லாரும் வருகிறார்கள். பெரியவர்கள் துணையோடு குழந்தைகளும் ராத்திரி ஒன்பது வரை இருக்கலாம், கோடையில் பத்து வரை. சின்ன டின் விசிலைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் சொன்ன பிறகு அம்மா, “சரி, பார்த்துப் போ” என்றாள்.

அங்கே நடப்பதைச் செஷன் என்பார்கள். கச்சேரி இல்லை அது. மேடையும் இல்லை, பெரும்பாலும் மைக்கும் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பார்கள். வெளியே நிற்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். யாராவது ஒருவர் ஒரு மெட்டை எடுப்பார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மெட்டு என்றால் வழக்கமாக இரண்டு பாகம். பாகத்துக்கு 8 பார், அதாவது 8 தாளக் கட்டம், ஒவ்வொரு பாகமும் இருமுறை, ஆக 32. மூன்று சுற்று முடிந்ததும் நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். நோட்டுப் புத்தகம் விரிப்பது வழக்கமில்லை. எல்லாம் காதால் கேட்டுக் கற்றது.

கேட்கக் கேட்க என் விரல்கள் தொடையில் தாளம் தேடின. ஜிக் என்கிற நடன மெட்டு ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாக எண்ணும் நம் திஸ்ர நடை சுகமாக உட்காரும். ஸ்லிப் ஜிக் ஒன்பது, மூன்று மூன்றாகப் பிரியும். ரீல் நேர் நாலு. நிறைய மெட்டுகள் நம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களுக்குள் அடங்கும். சிலவற்றில் கரஹரப்ரியா, சிலவற்றில் ஹரிகாம்போதி. சுருதி பெரும்பாலும் டி, நம் கணக்கில் இரண்டு கட்டை. மொழி தெரியாத ஊரில் தெரிந்த முகங்கள் வரிசையாக எதிரே வந்த மாதிரி இருந்தது.

முதல் சில வாரங்கள் டீயைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை போர்ட்டர் என் பக்கம் திரும்பி, “உங்கள் ஊர் மெட்டு ஒன்று எடேன்” என்றார். தரையில் உட்கார இடமில்லை. சுவரோரம் நீளமாக மெத்தை தைத்த பெஞ்சு இருந்தது; இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து, ஸ-ப-ஸ-ப என்று தந்தி சேர்த்தேன். மோவாயில் இடுக்கி வாசிப்பவர்கள் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ராகம் விரித்து வாசிக்கிற இடமில்லை அது. சின்னதாக, துருசாக ஏதாவது வேண்டும். சிறுவயதில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த தீட்சிதர் நொட்டுஸ்வரம், வந்தே மீனாக்ஷி, கைக்கு வந்தது.

முதல் வரி முடிவதற்குள் ஒரு புல்லாங்குழல் சேர்ந்தது. அடுத்த வரியில் கான்சர்ட்டினா. அப்புறம் மேசை முழுவதும்! எனக்குக் கை நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. மூன்று சுற்று போய் முடிந்ததும் ஒருவர் கேட்டார்: “ரேக்ஸ் ஆஃப் மாலோவை இந்தியாவிலிருந்தா கொண்டுவந்தாய்?”

நான் வாசித்த மெட்டுக்கு இங்கே அதுதான் பெயர். மாலோ, இந்த அயர்லாந்திலேயே கார்க் மாவட்டத்தில் இருக்கும் ஒரு ஊர். நொட்டுஸ்வரங்கள் வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளுக்கு எழுதியவை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எந்த ஊர் மெட்டு என்று சொன்னதில்லை. அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர்களுக்கு விளக்கினேன். முத்துசுவாமி தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தவர், எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் சென்னைப் பக்கம் ஒலித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். கிட்டத்தட்ட நாற்பது இருக்கும். அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். என் மடியில் இருந்த வாத்தியமும் நான் வாசித்த மெட்டும் எப்போதோ கப்பலேறி வந்தவை. மெட்டு திரும்பி வர இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது. மதுரை மீனாக்ஷியைப் பற்றிய பாட்டு என்றதும், “அந்த அம்மாளுக்காக இன்னொரு தடவை” என்று ஒருவர் சொல்ல, மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை ஆடுதோல் போர்த்திய போட்ரான் என்கிற கைக்கொட்டும் சேர்ந்து வேகம் கூடிவிட்டது. வாத்தியார் இருந்திருந்தால் காலப்பிரமாணம் ஓடுகிறது என்று திட்டியிருப்பார். அப்புறம் நிச்சயம் சிரித்திருப்பார்.

அன்றைக்குப் பிறகு நான் அந்த மேசையின் ஆள்.

செஷனுக்கும் ஒரு புலம்பெயர்ந்த கதை இருக்கிறது. பழைய காலத்தில் இங்கே இசை நடனத்துக்காக; வீட்டு அடுப்படியில், நாற்சந்தியில் வாசிப்பார்கள். 1935இல் வந்த சட்டம் நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்றது, வீட்டு நடனங்கள் அடங்கிப்போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டட வேலைக்கும் ரோடு வேலைக்கும் இந்த ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக லண்டன் போனார்கள். கேம்டன் டவுன் பக்கத்துப் பப்புகளில் ஒன்றுகூடி வாசிக்க ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான். அந்த வழக்கம் பின்னால் ஊருக்கு வந்து வேர்விட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் ‘புராதன ஐரிஷ் மரபு’ என்று படமெடுக்கும் வட்டம், வீட்டை விட்டு வந்தவர்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்டது. இது தெரிந்த பிறகு அந்த மேசையில் எனக்கு இன்னும் உரிமை வந்துவிட்டது.

நைட் ஷிப்ட் காரணமாகத் தொடர்ந்து போக முடியாமல் இருந்தபோது, “உடம்பு சரியில்லையா?” என்று மூன்று பேர் தனித்தனியாக மெசேஜ் அனுப்பினார்கள். ஏஜென்சி விஷயம் பப் உரிமையாளர் காதுக்குப் போய், சரக்கு அறைக்கு மேலே உள்ள மாடி அறையின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். “மதியத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் வாசி.” காசு வாங்கவில்லை. நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவேன். மிளகாய் கிள்ளிப் போட்ட சாதத்தை அவர் வியர்த்துக்கொண்டே காலி செய்வார்.

ஒரு ராத்திரி கானமாராவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, பக்கவாத்தியம் இல்லாமல் ஐரிஷ் மொழியில் பாடினார். ஷான்-நோஸ் என்கிற பாணி. விருத்தம் போலத் தாளக்கட்டு இல்லாமல், ஒவ்வொரு அசைக்கும் அசைவு கொடுத்து. பக்கத்தில் இருந்த பெரியவர் அவர் கையைப் பிடித்து மெல்ல சுழற்றிக்கொண்டே இருந்தார். வரிகளுக்கு நடுவே ஆளாளுக்கு ஏதோ சொல்லி உற்சாகப்படுத்தினார்கள். என் வாயில் “சபாஷ்” வந்துவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இப்போது யார் கேட்டாலும் கால்வேதான் என் ஊர் என்பேன். கோரிப் ஆற்றுப் பாலத்தில் நடந்தால் மூன்று பேராவது நிறுத்திப் பேசுகிறார்கள். ஆனால் தை மாதம் வந்தால் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அப்பா எங்களை முதல் பஸ்ஸில் கூட்டிப்போவார். காவிரிக் கரைப் பந்தலில் வித்வான்கள் எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து, அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் முதலாவதை, நாட்டை ராகத்தில், தொடங்கும்போது, கீர்த்தனை தெரிந்த அப்பாவும் கூட்டத்தில் இருந்து பாடுவார். நல்ல குரல் இல்லை அவருக்கு. யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை. அப்பா போன பிறகு அந்த ஆராதனைக்கு நான் போகவே இல்லை. ஆரபி ராகக் கீர்த்தனை வரும்போது அப்பா என் தோளில் போடும் தாளம் மட்டும், செவ்வாய்க்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து ஒரே மெட்டில் இறங்கும் அந்த நொடியில், தப்பாமல் ஞாபகம் வருகிறது.

ஜூன் மாதம் அம்மா வருகிறாள். ஜூலை தொடக்கத்தில் கிளேர் மாவட்டத்து மில்டவுன் மல்பேயில் வில்லி கிளான்சி வாரம் என்கிற இசை விழா, 1973லிருந்து நடக்கிறது. பகலில் வகுப்புகள், ராத்திரி தெருவில் உள்ள அத்தனை பப்பிலும் இசை. போர்ட்டர் தன் காரில் எங்கள் இருவரையும் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். அம்மா பப்புக்குள் வரச் சம்மதித்துவிட்டாள், ஒரு நிபந்தனையோடு: முதலில் பிள்ளையார் பாட்டு. நாட்டையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போர்ட்டருக்கு ஸ்வரம் எழுதி அனுப்பினேன். எழுத்து வேண்டாம், மெதுவாக வாசித்துப் பதிவு செய்து அனுப்பு, காரில் கேட்டுக் கற்றுக்கொள்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது.