ஏஹெச்சிஐயா, ரெய்டா? பயாஸில் கை வைக்கும் முன்

டிஸ்க்குடன் மெஷின் எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் ஸ்டோரேஜ் மோடு பயாஸில் இருக்கும்: ஏஹெச்சிஐ சாதாரண முறை, ரெய்டு பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்க்கும் முறை. ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்புக்கு ஏஹெச்சிஐ போதும். புதிதாக ஓஎஸ் போடுவதாக இருந்தால் முதலில் அதை வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் மெஷினில் மட்டும் ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்குச் சும்மா மாற்றிப் பார்க்க வேண்டாம். அடுத்த பூட்டிலேயே நீலத்திரை வரும்: ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’.

பூட் ஆகும்போது விண்டோஸ் இதுவரை தேவைப்பட்ட ஸ்டோரேஜ் டிரைவரைத்தான் ஏற்றும். மற்றவை முடக்கத்தில் கிடக்கும். சேஃப் மோடில் அவற்றையும் எழுப்பிப் பார்க்கும். மாற்றும் வழி இதில்தான் இருக்கிறது.

முதலில் பிட்லாக்கரை (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் என்கிரிப்ஷன்) சஸ்பெண்ட் செய்யுங்கள். இல்லையென்றால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங்ஸ் கருவியில் பூட் டேபில் ‘சேஃப் பூட் – மினிமல்’ டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸுக்குள் விடாமல் நேரே பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ ஆக்கி சேவ் செய்யுங்கள். சேஃப் மோடு வந்ததும் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் எடுபடாமல் போகலாம். கணக்கின் பாஸ்வேர்டு தெரியாமல் இதில் இறங்காதீர்கள்.

மாற்றினால் வேகம் கூடுமா? ஒற்றை டிரைவில் சொல்லும்படி இருக்காது. இப்போதைய வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் ஏஹெச்சிஐக்கும் உண்மையில் சம்பந்தமே இல்லை, ஏஹெச்சிஐ சாட்டா என்ற பழைய வகை இணைப்புக்கானது. அந்த ஆப்ஷனை வைத்தால் ரெய்டைக் கவனிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி நடுவிலிருந்து விலகிக்கொள்ளும், அவ்வளவுதான். லினக்ஸ் போடுபவர்களுக்கு அந்த விலகல்தான் முக்கியம். பல லேப்டாப்களில் ஆர்எஸ்டி ஆனில் இருந்தால் இன்ஸ்டாலர் கண்ணில் டிஸ்க்கே படாது.

இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் இதே தொல்லை விஎம்டி (என்விஎம்இ டிரைவ்களைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கும் இன்டெல் அமைப்பு) என்ற பெயரில் வருகிறது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிரைவ் பட்டியல் காலியாக இருந்தால் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பதற வேண்டாம். விஎம்டியை அணைக்கலாம், அல்லது ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் பிரித்து வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுக்கலாம். ஏசர் லேப்டாப்கள் பலவற்றில் இந்த ஆப்ஷன் ஒளிந்திருக்கும்; பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் தலைகாட்டும்.

ஐடிஇ என்ற மோடும் கண்ணில் பட்டால், அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மிச்சம், தொடவே தேவையில்லை.

இரண்டு டிரைவ்களைச் சேர்த்து ரெய்டு 0 போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பேக்கப் எடுத்த பிறகுதான் ரெய்டை அணைக்க வேண்டும். அணைத்தபின் ஒரு டிரைவில் பாதி, மற்றதில் பாதியாக ஃபைல்கள் கிடக்கும், எதையும் படிக்க முடியாது.