கார்பனைத் தேடும் முன் தண்ணீரைத் தேடுங்கள்: ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு

பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டில் 'அன்றாட உணவில் கார்பன் அளவு' என்று தலைப்பு எடுத்தால், "சி.எச்.என். கருவி (கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் அளவை நேரடியாகச் சொல்வது) இல்லாமல் எப்படிச் செய்வாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கருவி இல்லாத ஆய்வகத்தில்தான் நானும் செய்தேன். தாராளமாகச் செய்யலாம்.

மூன்று எண்கள் போதும். மாவுச்சத்தில் 44.4 சதவீதம் கார்பன் (அதன் ஓர் அலகான C6H10O5-இன் எடை 162, அதில் கார்பன் 72, நீங்களே போட்டுப் பாருங்கள்). புரதத்தில் ஏறத்தாழ 53. கொழுப்பில் 77, தேங்காய் எண்ணெயில் கொழுப்பு அமிலச் சங்கிலி குட்டையாக இருப்பதால் 73-ஐ ஒட்டி வரும். தண்ணீரிலும் உப்பிலும் கார்பனே இல்லை. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் உணவு வாரியாக மாவுச்சத்து, புரதம், கொழுப்பு இருக்கும். பெருக்கிக் கூட்டினால் சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 39 கிராம் கார்பன் வரும். அதுவே சோறானால், மூன்று மடங்கு எடையாகும் என்று வைத்துக்கொண்டால், 100 கிராமுக்கு 13தான். கார்பன் எங்கும் போகவில்லை, தண்ணீர் ஏறியிருக்கிறது. நம் வீடுகளில் கஞ்சியை வடிப்பதால் கொஞ்சம் மாவு அதோடு போகும். அந்தக் கஞ்சியையும் உலர்த்தி எடை போடுங்கள்.

அரிசிக்கு அட்டவணை போதும். கருவாட்டுக்குப் போதாது. பாம்பனில் வாங்கியதும் தொண்டியில் வாங்கியதும் உப்பிலும் ஈரத்திலும் ஒன்றாக இருக்காது. சாளையின் கொழுப்போ பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் கருவாட்டை நீங்களே அளந்தாக வேண்டும். இந்த ப்ராஜெக்டின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். அரைத்த மாதிரியை 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள், குறைந்த எடைதான் ஈரம். பிறகு மஃபிள் ஃபர்னஸ் என்னும் மின் உலையில் 550 டிகிரியில் சாம்பலாக்குங்கள். உப்பும் முள்ளின் தாதுவும் சாம்பலில் தங்கிவிடும். இன்னொரு பங்கில் சாக்ஸ்லெட் (கரைப்பானால் கொழுப்பைப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி) வைத்துக் கொழுப்பை எடுங்கள். மீனில் மாவுச்சத்து அநேகமாக இல்லை என்பதால், ஈரம், சாம்பல், கொழுப்பு மூன்றும் போக மிச்சம் புரதம் என்றே கொள்ளலாம். ஃபர்னஸ் பழுதென்றால் உப்பை மட்டுமாவது வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தலில் கண்டுபிடியுங்கள். உப்பைக் கழிக்காத கருவாட்டுக் கணக்கு எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் நிற்காது.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைச் சேர்ப்பதாக இருந்தால் 44.4-ஐப் போடாதீர்கள். அது சர்க்கரை, 42.1. அதை 105 டிகிரியில் வைத்தால் சர்க்கரையே சிதையத் தொடங்கும். 70 டிகிரியில் வெற்றிட உலர் அடுப்புதான் (vacuum oven) சரி. பதநீர் இன்னும் நுணுக்கமானது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் புளித்துவிட்டால், குளுக்கோஸின் ஆறு கார்பனில் இரண்டு கார்பன்டைஆக்சைடாகப் பறந்துவிடும். மிச்சமுள்ள நான்கும் ஆல்கஹாலாக இருப்பதால், உலர்த்தும்போது தண்ணீரோடு சேர்ந்து போய் ஈரக் கணக்கில் ஒளிந்துகொள்ளும். இறக்கிய நேரத்தையும் சுண்ணாம்பு உண்டா என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

வைவாவில் இரண்டு கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள். ஒன்று, "கார்பன் தடம் என்பதும் இதுவும் ஒன்றா?" இல்லை. அது உணவை விளைவித்து, ஏற்றி, சமைக்கும்போது வெளியாகும் வாயுக்களின் கணக்கு. நாம் அளப்பது தட்டில் உள்ள தனிமம். இரண்டு, "கீழக்கரைச் சங்கில் கார்பன் உண்டா?" உண்டு. கால்சியம் கார்பனேட்டில் 12 சதவீதம். ஆனால் அது கனிமக் கார்பன். மாதிரியில் நண்டு ஓடோ சிப்பித் தூளோ கலந்திருந்தால் 550 டிகிரியிலும் அது பெரும்பாலும் சாம்பலிலேயே நிற்கும். உணவுக் கார்பனோடு சேர்க்கக்கூடாது.

கடைசியில் ஒரு சரிபார்ப்பு. ஒருவர் நாளொன்றுக்கு மூச்சில் விடும் கார்பன்டைஆக்சைடு சுமார் 1 கிலோ. 12/44-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 270 கிராம் கார்பன். பெரியவர் ஒருவரின் முழுநாள் சாப்பாட்டுக்கு நீங்கள் போட்ட கூட்டல் 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால் நம்பி அச்சுக்குக் கொடுங்கள். 700, 800 என்று வந்தால் முதலில் சோற்றின் வரிசையைப் பாருங்கள். வெந்த எடையை அரிசியின் எண்ணால் பெருக்கியிருப்பீர்கள்.